மனச்சோர்வு: மரபணுவும் மூளைப் படமும் சொல்லாதவை

(காட்பாடியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அவன் அம்மாவுக்கும் இதே நோய்தான். ரத்தத்திலேயே வந்தது, நாம் என்ன செய்ய முடியும்?" மனச்சோர்வுக்கு ஆளான மாணவரைப் பற்றி ஆசிரியர் அறையில் இப்படிப் பேசக் கேட்டிருப்போம். இது சரிதானா?

மனச்சோர்வு குடும்பங்களில் தொடர்வது உண்மை. இந்நோய் சிலருக்கு வருவதிலும் சிலருக்கு வராததிலும் மரபின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மீதி, வாழும் சூழல்.

அப்படியானால் எந்த மரபணு? செரோட்டோனினோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு, அச்சமுற்ற முகங்களைக் கண்டதும் மூளையின் அமிக்டலா பகுதி கூடுதலாகத் தூண்டப்படுகிறது என்று 2002இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் பங்கேற்றவர்கள் 28 பேர்தான். அந்த வடிவம் உள்ளவர்களைத் துன்பங்கள் எளிதில் மனச்சோர்வில் தள்ளுகின்றன என்றது 2003இல் வந்த இன்னோர் ஆய்வு. 'மனச்சோர்வு மரபணு' கிடைத்துவிட்டதாகப் பலரும் நம்பினார்கள்.

2019இல், இலட்சக்கணக்கானோரின் தரவுகளைக் கொண்டு இத்தகைய 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை. அதே ஆண்டில், எட்டு இலட்சம் பேரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு மரபுத்தொகுதியில் 102 இடங்களைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறியது.

மூளைப் படமும் இப்படித்தான். 8,900க்கும் மேற்பட்டோரின் படங்களை ஒப்பிட்டதில், நோயுற்றவர்களின் ஹிப்போகேம்பஸ் பகுதி சராசரியாக ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல் சிறுத்திருந்தது. இரு வகுப்புகளின் சராசரி உயரம் சிறிது வேறுபடலாம். அதை வைத்து ஒரு மாணவர் எந்த வகுப்பு என்று சொல்ல முடியுமா?

ஆகவே, மனச்சோர்வை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்று இல்லை. மருத்துவர் கேட்டும் கவனித்தும்தான் கண்டறிகிறார். பாலாற்றைக் கடந்தால் வேலூர். அங்கே பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை பல்லாண்டுகளாக உள்ளது. உடனிருப்போரின் பங்கு அவ்வளவு பெரியது.

மாணவருடன் நாள்தோறும் உடனிருப்பவர்கள் நாம். இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வு, காரணமற்ற எரிச்சல், விளையாட்டில் நாட்டமின்மை, தூக்கக் குறைவு, அடிக்கடி விடுப்பு ஆகியவற்றைக் கண்டால் தனியே அழைத்துப் பேசுங்கள். பெற்றோரிடம் குறை கூறாமல் தெரிவித்து, மருத்துவரிடம் அனுப்புங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அதுபற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

"ரத்தத்தில் வந்தது" என்று கைவிட அறிவியலில் இடமில்லை. அம்மாவுக்கு இருந்தது என்றால், மகனை முன்கூட்டியே கவனிக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.