மொஸ்கோவில் எங்கள் முதல் நாள்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசும்படிதான் சங்கத்தினர் கேட்டார்கள். ஆனால் நீரிழிவு பற்றி இந்த மண்டபத்தில் வேண்டியளவு பேசியாகிவிட்டது. கூட்டம் முடியக் கேக்கும் இருக்கிறது. எனவே வேறொன்று சொல்கிறோம்.

2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்தப் பாடசாலைப் பிள்ளைகள் மூவர், மொஸ்கோ மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் படிக்கப் போனோம். சோவியத் காலத்தில் லுமும்பா பெயரில் இருந்த அதே பல்கலைக்கழகம். கிராண்ட்பாஸ் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர். களனி ஆற்றைக் கடக்கும் பெரிய துறை என்று பொருள். துறையடியில் பிறந்த நாங்கள் அதுவரை கடந்த தூரம் கதிர்காமமும் நுவரெலியாவுந்தான்.

போன மூன்றாம் நாள் நகரம் பார்க்கப் புறப்பட்டோம். பதிவுக்காகக் கடவுச்சீட்டுகளைக் கொடுத்திருந்தோம். கையில் இருந்தது முத்திரை குத்திய ஒரு துண்டுக் கடதாசி. ரஷ்ய எழுத்து அரைகுறை. 'ரெஸ்தரான்' என்று எழுதியிருந்த பலகையை ஆங்கில எழுத்தென்று நினைத்துப் 'பெக்டோபா' என வாசித்து, இந்த ஊரில் எத்தனை பெக்டோபா என்று வியந்தோம்.

விடுதியில் இருந்த இலங்கை அக்கா ஒருவர் ஒரேயொரு பாடம் சொல்லித் தந்தார். மெட்ரோவில் நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண்குரல் அறிவிக்கும். மையத்தை விட்டு வெளியே போவதில் பெண்குரல். "வழி தவறினால் பெண்குரலைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ." எங்கள் தரிப்பிடம் யூகோ ஸாபத்னயா, அந்தப் பாதையின் அப்போதைய கடைசித் தரிப்பு. ஆகவே தாண்டிப் போய்விடவும் முடியாது.

செஞ்சதுக்கத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தது எங்கள் தமிழ் ரீச்சர். 'க்ராஸ்னயா' என்றால் இன்று சிவப்பு. பழைய ரஷ்ய மொழியில் அழகு. செம்மை என்ற சொல்லுக்குச் சிவப்பு, நேர்மை, சிறப்பு என்று அவர் பொருள் அடுக்கியபோது நாங்கள் பின்வரிசையில் கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தோம். அதற்கு இன்று இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறோம். அருகிலுள்ள புரட்சிச் சதுக்க மெட்ரோ நிலையத்தில் வெண்கல நாயொன்று இருக்கிறது. சோதனைக்குப் போகும் மாணவர்கள் தடவித் தடவி அதன் மூக்கு மாத்திரம் பொன்னாக மின்னும். நாங்களும் தடவினோம். கொச்சிக்கடை அந்தோனியாரையும் பொன்னம்பலவாணேசுவரரையும் ஒரே நாளில் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது என்ன புதிதா!

பிறகு த்வெர்ஸ்கயா வீதி வழியே புஷ்கின் சதுக்கம் வரை நடந்தோம். அங்கே நிலக்கீழ் நடைபாதையில் சுவரோரமாகப் பூக்கள். முந்தின மாதம், ஓகஸ்ட் 8ஆம் திகதி, அந்த இடத்தில் குண்டு வெடித்திருந்தது. பூக்களைப் பார்த்தவுடனே எங்களுக்கு விளங்கிவிட்டது. யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இடத்தில்தான் சீருடைக்காரர் ஒருவர் மறித்தார். "தக்குமெந்தி!"

மூன்று கைகளும் ஒரே நேரத்தில் பைக்குள் போயின. ஆமர் வீதிச் சந்தியில் அடையாள அட்டைக்கும் பொலிஸ் பதிவுத் துண்டுக்கும் போய்ப் பழகிய அதே கைகள். துண்டுக் கடதாசியை நீட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தியாவா என்று கேட்டார். ஸ்ரீலங்கா என்றோம். முகம் மலர்ந்தது. "ஓ, ஸெய்லோன்! ச்சாய்!" என்று தேநீர் அருந்துவதுபோல் கையைக் காட்டி, துண்டைத் திருப்பித் தந்தார்.

அவ்வளவுதான். சொந்த ஊர் எது, கொழும்பில் யார் வீடு, ஏன் வந்தீர்கள் என்ற கேள்விகள் வரவில்லை. பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றோம். எங்களை இலங்கையர் என்று மறுகேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் சீருடை அதுதான். சிரிப்பு வந்தது. சற்றுத் தள்ளிப் போனதும் எங்களில் ஒருத்தி அழுதாள். யாரென்று சொல்லமாட்டோம்; அவள் இன்று முன்வரிசையில் இருக்கிறாள்.

அங்கிருந்து ஒரு தரிப்புத் தூரத்தில் செக்கோவின் வீடு. 1886 முதல் 1890 வரை அங்கே வாழ்ந்தார், நோயாளரையும் பார்த்தார். வாசற்கதவில் 'டொக்டர் அ. பா. செக்கோவ்' என்ற பெயர்த்தகடு. எழுத்துக் கூட்டி வாசித்த முதல் முழு வரி அதுவே. 1890இல் அந்த வீட்டிலிருந்து சகலின் தீவுக்குப் புறப்பட்டவர், திரும்பும் வழியில் நவம்பரில் கொழும்பில் இறங்கினார்; கண்டிக்கும் போனார். ஊருக்குக் கீரிப்பிள்ளைகள் வாங்கிப்போய், வீட்டில் சமாளிக்க முடியாமல் ஒன்றைக் கடைசியில் மொஸ்கோ மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுத்தார். எங்கள் ஊர்க் கீரிப்பிள்ளை எங்களுக்கு முன்பே அங்கு குடியேறியிருக்கிறது என்பது அந்தக் குளிரில் பெரிய ஆறுதல்.

இருட்டியபின் பெண்குரலைப் பிடித்துக்கொண்டே விடுதி வந்து சேர்ந்தோம். தொலைபேசி அட்டையில் ஒரு வீட்டுக்குப் பேசத்தான் காசு இருந்தது. மூவரில் ஒருத்தியின் அம்மா எடுத்தார். கொழும்பில் அப்போது இரவு பத்து மணி. "சாப்பிட்டியா மகள்? மற்றப் பிள்ளைகளும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டதோடு அட்டை தீர்ந்தது.

பிற்பாடு கேள்விப்பட்டோம்: அந்த இராத்திரியில், சோதனைக்கு மறித்தாலும் பரவாயில்லை என்று அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு வீடுகளுக்கும் அம்மா நடந்தே போய்ச் சொன்னாராம், பிள்ளைகள் மூன்றும் சாப்பிட்டுவிட்டன என்று. நாங்கள் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை.