பாட்டிக்கு 72 புள்ளி

பௌலிங் என்றதும் உங்களுக்குக் கிரிக்கெட் பந்துவீச்சாளர் பும்ராவின் ஞாபகம் வந்திருந்தால் தப்பில்லை. ஆனால் இன்று பேசப்போவது டென்பின் பௌலிங். பெரிய மால்களில் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் பூசிய வழுவழுப்பான நீளத் தளம், கோட்டிலிருந்து 60 அடி தள்ளி முக்கோணமாக நிற்கும் பத்து பின்கள், அவற்றை நோக்கி உருண்டு போகும் கனமான பந்து.

நம் ஊரில் இது பிறந்தநாள் விளையாட்டாகிவிட்டது. நண்பர்கள் நாலு பேர் போய், வாடகை ஷூ மாட்டிக்கொண்டு இரண்டு கேம் ஆடி, செல்ஃபியோடு திரும்புவார்கள். மறுபடி அடுத்த பிறந்தநாளுக்குத்தான். அமெரிக்காவின் தொழிற்சாலை ஊர்களில் இது லீக்காக வளர்ந்தது. ஒரே ஆலையில் வேலை செய்கிறவர்கள், ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று அணி அணியாகச் சேர்ந்து, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு மாலையில், மாதக்கணக்கில் ஆடுவார்கள்.

இந்த லீக்கின் உயிர்நாடி ஹேண்டிகேப் என்ற கணக்கு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ரசமான விஷயம். ஒரு ஆட்டத்தில் எடுக்கக்கூடிய உச்சம் 300. பாட்டியின் சராசரி 120, பேரனின் சராசரி 180 என்று வைத்துக்கொள்வோம். லீக் 200 என்று ஓர் அளவுகோல் வைக்கிறது. அதற்கும் உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 90 சதவீதம் உங்களுக்கு இனாம். பாட்டிக்கு 72, பேரனுக்கு 18. இருவரும் வழக்கம்போல ஆடினால் பாட்டி 192, பேரன் 198. பேரன் ஜெயிப்பான், ஆனால் மயிரிழையில். அன்றைக்குப் பாட்டி பத்துப் புள்ளி கூடுதலாக எடுத்தால் பேரன் தோற்றான்! சராசரி ஏற ஏற இனாம் குறையும். திறமைக்கு மதிப்பு உண்டு, புதிதாக வருகிறவருக்கும் வாய்ப்பு உண்டு. இத்தனை நேர்மையாக மூன்று தலைமுறையை ஒரே களத்தில் மோதவிடும் ஆட்டங்கள் குறைவு.

கணக்கில் இருந்த நேர்மை, ஒரு காலத்தில் அமைப்பில் இல்லை. ஆட்டத்தை நிர்வகித்த அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக்கும் விதி வைத்திருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் 1939இல் டெட்ராய்ட்டில் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். கார் தொழிலாளர் சங்கமும், பின்னாளில் துணை ஜனாதிபதியான ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் அந்த விதிக்கு எதிராகப் போராடினார்கள். 1950இல்தான் அது நீங்கியது. யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி, எப்படி ஆடுவது என்பதற்கு முன்னால் வருகிறது.

அப்புறம் லீக்குகள் தேயத் தொடங்கின. ராபர்ட் புட்னம் என்ற அறிஞர் 2000இல் வெளியிட்ட புத்தகத்தில் காட்டும் கணக்கு இது: 1980க்கும் 1993க்கும் நடுவே பௌலிங் ஆடுகிறவர்கள் சுமார் 10 சதவீதம் கூடினார்கள், லீக்கில் ஆடுகிறவர்கள் சுமார் 40 சதவீதம் குறைந்தார்கள். ஆட்டம் இருந்தது, கூட்டம் கலைந்துவிட்டது. நம் மால்களில் தொடக்கத்திலிருந்தே இதுதான் நிலைமை.

இளைஞர்களுக்கு இந்த ஆட்டம் ஒத்து வருமா? அமெரிக்காவின் பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே போட்டி நடக்கிறது. 2004 முதல் கல்லூரிப் பெண்களுக்குத் தேசியச் சாம்பியன்ஷிப் உண்டு. இளையோர் போட்டிகளில் ஜெயிக்கும் பரிசை உதவித்தொகையாகச் சேர்த்துவைத்து, படிப்புச் செலவுக்குத் தரும் ஏற்பாடும் இருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிற பிள்ளை இங்கே தலைவனாகலாம். பந்தின் எடையை அவரவர் பலத்துக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். 16 பவுண்டுதான் உச்சவரம்பு. சக்கர நாற்காலியில் இருப்பவர் சாய்தளம் வைத்துப் பந்தை உருட்டலாம்.

ஆசியாவிலும் ஆள் இருக்கிறார்கள். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் மலேசியாவின் கென்னி ஆங் தங்கம் வென்றார். 2002 பூசான் ஆசியப் போட்டியில் சிங்கப்பூரின் ரெமி ஓங் மூன்று தங்கம். நம் சென்னையின் ஷபீர் தன்கோட் பலமுறை தேசியச் சாம்பியன்.

நம் ஊரிலும் பள்ளி லீக் தொடங்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை நான். வாரநாள் பிற்பகலில் கூட்டம் குறைவாக இருக்கும்போது, மால்காரர்கள் நாலு லேனைக் குறைந்த கட்டணத்துக்குப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தரலாம். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நோட்டுப் போட்டு ஒவ்வொரு பிள்ளையின் சராசரியையும் எழுதிவரட்டும். நாலு வாரத்தில் ஹேண்டிகேப் போட்டுவிடலாம். ஐந்தாவது வாரம் பெற்றோரையும் ஓர் அணியாக இறக்குங்கள். பிள்ளைகளிடம் அவர்கள் தோற்பது அநேகமாக நிச்சயம்.