வேலூரின் ஐடா அம்மையார்



இன்று தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். அதற்கு முன்பே மாதந்தோறும் கிளினிக்கில் மிஸி எடை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து, புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார். நம் பாட்டன் பாட்டிமார் பலர் வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த ஊர்களில் தங்கிவிட்ட பெண்களுக்கு அக்காலத்தில் பிரசவம் என்றால் என்ன கதி என்பதையும், அதை மாற்ற வந்த ஒரு டாக்டரம்மாவைப் பற்றியும் இன்று சொல்லப் போகிறேன்.

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரும் தந்தையும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் டாக்டர்கள். படிப்புக்காக அமெரிக்கா சென்ற ஐடாவுக்கு இந்தியாவில் குடியிருக்க எண்ணமே இல்லை. தாயார் நோயுற்றார் என்று கேட்டுத்தான் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவு. ஒரு பிராமண இளைஞர் வந்து, மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார். “எனக்கு வைத்தியம் தெரியாது. என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்” என்றார் ஐடா. அந்நிய ஆடவர் என் மனைவியைத் தொடுவதா என்று அவர் திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் இளைஞர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொருவர். பொழுது விடிந்ததும் ஐடா ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்தக் கணவன்மார்களை ஏசுவது எளிது. ஆனால் அவர்கள் மனைவி மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். நள்ளிரவில் ஓடி வந்தவர்கள். மருந்து இருந்தது, டாக்டரும் பக்கத்து அறையிலேயே இருந்தார். வீட்டுக்குள் நுழையக்கூடிய பெண் டாக்டர்தான் இல்லை.

ஐரோப்பாவில் தாய்மார் வேறு காரணத்தால் மாண்டார்கள். வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில், பிணத்தை அறுத்துப் பாடம் படித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். பெற்றவள் காய்ச்சல் கண்டு இறந்தாள். 1847இல் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்றார். சாவு வெகுவாகக் குறைந்தது. அங்கே டாக்டரின் கை தாய்க்கு எமனாயிற்று. திண்டிவனத்திலோ டாக்டரின் கை தாயிடம் போய்ச் சேரவே இல்லை.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899இல் நியூயார்க்கின் கார்னெல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். ஒரே கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் அது. நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில், 1902இல் 40 கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையோரத்தில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கிராமத்தாருக்கு மருந்து கொடுப்பார். 1909இல் ஒரு பியூஜோ மோட்டார் கார் வந்து சேர்ந்தது. அந்தப் பக்கத்து மக்கள் காரைக் கண்டு எப்படி மிரண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்!

ஆனால் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அவருடைய பெரிய வேலை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். 1909இல் அவர் தாதியர் பள்ளி தொடங்கினார். தாதி வேலை குடும்பப் பெண்ணுக்கு ஏற்றதல்ல என்று மக்கள் நினைத்த காலம். இன்றும் நம் தோட்டங்களில், ஐந்தாம் படிவம் முடித்த பெண் தாதிப் பயிற்சிக்கு மனுப் போட்டால், “ராத்திரி வேலையாச்சே டீச்சர்” என்று தாய்மார் என்னிடம் வந்து நிற்கிறார்கள். திண்டிவனத்துப் பெண்கள் மூவரும் செத்தது ராத்திரியில்தான் என்று நான் பதில் சொல்வதுண்டு.

1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியும் திறந்தார். பெண்களால் இந்தப் படிப்பைத் தாங்க முடியாது என்று பெரிய அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். சென்னை மாகாணத்தின் முதலாண்டுத் தேர்வில் ஆண்கள் பலர் தவறினார்கள். வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். உடற்கூறு பாடத்தை ஐடா தாமே நடத்தியவர். அன்று அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது பாடம் சொல்லிக் கொடுப்பவர்களுக்குத் தெரியும்.

பிறகு அரசாங்கம் பழைய சான்றிதழ்ப் படிப்பு செல்லாது, பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும் என்றது. எழுபது வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களையும் சேர்த்துக் கொண்டார்கள். அதுதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இங்கிருந்தும் நம்மவர்கள் வைத்தியத்துக்குப் போய் வருகிற அதே ஆஸ்பத்திரி.

ஐடா அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதம், 89ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார். “டாக்டர் ஐடா, இந்தியா” என்று மட்டும் எழுதிய கடிதங்கூட அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள்.