மண்மேட்டில் புதைந்த காரீயம்

(கட்சி வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



மொழிபெயர்ப்பாளன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நஞ்சாவது காரீயம். அறிக்கைகளைத் தமிழாக்கும்போது வெறுமனே ‘ஈயம்’ என்று எழுதிவிட்டால் சொம்பும் தோட்டாவும் ஒன்றாகிவிடும். நான் பேச வந்தது தோட்டாவுக்குள் இருக்கும் காரீயத்தைப் பற்றி.

திறந்தவெளித் துப்பாக்கி சுடும் தளங்களில் இலக்குக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கும். தோட்டா அதில் மோதிச் சிதறிப் புதைகிறது. நாளடைவில் அதன்மேல் வெண்படலம் படர்கிறது. புளிப்பேறிய மண்ணாயின் மழைநீர் அதைக் கரைத்து ஓடைக்கும் கிணற்றுக்கும் கொண்டுசெல்லக்கூடும். தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் காரீயச் சேர்மமே உள்ளது. சுடுபவர் அதைப் புகையாகச் சுவாசிக்கிறார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கடலோரத்தில் ரெமிங்டன் ஆயுத நிறுவனம் நடத்திய சுடுகளம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 70 ஆண்டுகளில் அங்கே 2,400 டன் காரீயக் குண்டுகள் நிலத்திலும் கடல்நீரிலும் குவிந்தன. வழக்குத் தொடுத்தது யார்? கடலோர மீனவர் சங்கம். குண்டு விழுவது அதன் இயல்பான பயன்பாடே, ஆகவே அது கழிவல்ல என்று நிறுவனம் வாதிட்டது. நெடுங்காலம் அள்ளப்படாமல் கிடந்து குவிந்தது கழிவே, அதிலும் காரீயம் அபாயகரமான கழிவு என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரெமிங்டன் 1933 முதல் டியூபாண்ட் குழுமத்தின் பிடியில் இருந்தது. பெட்ரோலில் காரீயம் கலந்து உலகெங்கும் லாபம் பார்த்தவர்களில் அதே டியூபாண்டும் ஒன்று. 1924இல் அந்தக் கலவையைத் தயாரித்த அதன் தொழிலாளர்கள் நஞ்சேறி மாண்டனர். நம் நாட்டில் அந்தப் பெட்ரோல் ஒழிய 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

வாத்துகளும் சிப்பிகளும் மட்டுமல்ல பிரச்சினை. 1978இல் வகுக்கப்பட்ட பணியிடக் காரீய வரம்பு இராணுவச் சுடுதளப் பணியாளர்களைக் காக்கப் போதாது என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் கூறியது. இரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவென ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நமது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் காரீய நஞ்சேற்றத்தை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் சுடுதளம் தொழிற்சாலை அல்லவே! பயிற்சி பெறும் காவலரும், மண்மேட்டைச் சீர்செய்யும் கூலித் தொழிலாளியும், தோட்டா பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் விற்கும் அக்கம்பக்கத்து ஏழைகளும் அந்தப் பட்டியலின் கண்ணில் படவில்லை. பொறுக்கியதை வீட்டு அடுப்பில் உருக்கினால் நஞ்சு குழந்தைகளிடம் நேராகப் போய்ச் சேர்கிறது.

தீர்வு கடினமானதல்ல. மண்ணைச் சலித்துக் காரீயத்தை மீட்கலாம். சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்கலாம். மழைநீர் வெளியேறாமல் தடுக்கலாம். உங்கள் மாவட்டத்தில் சுடுதளம் இருந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மண்மேட்டைக் கடைசியாக எப்போது சலித்தார்கள்? பக்கத்துக் கிணற்று நீரைச் சோதித்தார்களா? அங்கே வேலை செய்பவர்களின் இரத்தத்தை யாராவது பரிசோதித்ததுண்டா?