பசுமை ஹைட்ரஜன்: இரவு நேரக் கணக்கு எங்கே?

(எரிசக்திக் கொள்கை குறித்த கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பஞ்சாபில் சட்லெஜ் நதிக்கரையில், பக்ரா அணைக்குச் சற்றுக் கீழே நங்கல் என்ற ஊர் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அங்கே பொதுத்துறை உரத் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. ஹைட்ரஜனுக்காக அது நிலக்கரியையோ எண்ணெயையோ நாடவில்லை. அணையின் நீர்மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரித்தது. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனுடன் அதைச் சேர்த்து அம்மோனியா தயாரித்தது. அடுத்த ஆண்டே, அதே ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் கனநீர் ஆலையும் அருகில் இயங்கத் தொடங்கியது. இன்று பசுமை ஹைட்ரஜன் என்று பெயர் சூட்டி, நாளைய அதிசயமாக விளம்பரப்படுத்தப்படுவது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியத் தொழிலாளர்களின் கையில் இருந்த தொழில்நுட்பம்தான்.

அது ஏன் தொடரவில்லை? மின்னாற்பகுப்பு தோற்றுப்போனது என்பது காரணமல்ல. பசுமைப் புரட்சிக் காலத்தில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் குழாய்க்கிணறுகள் பெருகின, ஆலைகள் பெருகின. பக்ராவின் மின்சாரத்திற்குப் போட்டி எழுந்தது. பற்றாக்குறைக் காலங்களில் நங்கலுக்குக் கிடைத்த மின்சாரம் குறைந்தது, உற்பத்தியும் குறைந்தது. 1970களின் இறுதியில் எண்ணெயை மூலப்பொருளாகக் கொண்ட விரிவாக்கப் பிரிவு வந்தது. பின்னர் இயற்கை எரிவாயு வந்தது. மின்சாரம் யாருக்கு, எந்த நேரத்தில், எதற்காக என்ற கேள்விக்கு விடை இல்லாமல் ஹைட்ரஜன் திட்டம் நிற்காது என்பதை நங்கல் அன்றே காட்டிவிட்டது.

2023 ஜனவரி 4 அன்று ஒன்றிய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. அதற்கென 1,25,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் புதிதாக நிறுவப்படும் என்கிறது அரசு.

இலக்கைக் கணக்கிட்டுப் பார்ப்போருக்கு அதன் அளவு புலப்படும். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் தேவை. 50 லட்சம் டன்னுக்கு 25,000 கோடி யூனிட். 2023-24இல் நாட்டின் மொத்த மின் உற்பத்தி ஏறத்தாழ 1,74,000 கோடி யூனிட். அதாவது, நாடு முழுவதும் உற்பத்தியான மின்சாரத்தில் ஏழில் ஒரு பங்கிற்கு இணையான அளவு, ஒரே ஒரு வாயுவைத் தயாரிக்க வேண்டும். தண்ணீரைப் பற்றிய அச்சம் தேசிய அளவில் சற்று மிகையானது. கிலோவுக்குப் பத்து லிட்டர் என்று கொண்டால் ஆண்டுக்கு இரண்டு டிஎம்சிக்கும் குறைவு. குளிர்விப்பதற்கான நீரைச் சேர்த்தால் அது இரண்டு, மூன்று மடங்காகலாம். ஆனால் அந்தத் தண்ணீர் கட்ச்சிலும் மேற்கு ராஜஸ்தானிலும் எடுக்கப்படுமானால், அங்குள்ள மக்களுக்கு அது சிறிய அளவாக இராது.

இங்கேதான் எரிசக்தி மாதிரிகள் வருகின்றன. நாளைய தேவை, எரிபொருள் விலை, தொழில்நுட்பச் செலவு, கரிம உமிழ்வு ஆகியவற்றைக் கணினியில் சமன்பாடுகளாக எழுதி, பல எதிர்காலங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இது. திட்டமிடலுக்கு இது இன்றியமையாத கருவி. ஐந்தாண்டுத் திட்டங்களைக் கைவிட்டவர்கள்கூட இந்தக் கருவியைக் கைவிட முடியவில்லை. ஆனால் இத்தகைய மாதிரிகளில் பல, மிகக் குறைந்த செலவிலான வழியைத் தேடும்படியே எழுதப்படுகின்றன. எது செலவு, எது செலவல்ல என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை; அதை எழுதுபவர் தீர்மானிக்கிறார். ஜெய்சல்மேரில் மக்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் ‘ஓரண்’ மேய்ச்சல் நிலம், வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றிருந்தால் மாதிரியிலும் தரிசாகவே நுழைகிறது. ஆடு மேய்ப்பவரின் இழப்பிற்கு அதில் பத்தி கிடையாது.

மாதிரி எந்தக் கால அளவைக் கொள்கிறது என்பதும் அரசியல்தான். 2023 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட தரநிலையின்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு உமிழ்வு இரண்டு கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவைத் தாண்டாவிட்டால் அது பசுமை ஹைட்ரஜன். ஆனால் அது பன்னிரண்டு மாதச் சராசரி. மின்கட்டமைப்பில் ‘பேங்கிங்’ செய்து பின்னர் எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் புதுப்பிக்கத்தக்கதாகவே கணக்கில் கொள்ளப்படுகிறது. நண்பகலில் சூரிய மின்சாரத்தைக் கட்டமைப்பிற்குக் கொடுத்துவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்ப எடுத்தால், அந்த நேரத்தில் பெரும்பகுதி வருவது அனல்மின் நிலையங்களிலிருந்து. இந்தியக் கட்டமைப்பின் சராசரி உமிழ்வு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. 50 யூனிட்டுக்கு 35 கிலோ. இயற்கை எரிவாயுவிலிருந்து பழைய முறையில் ஹைட்ரஜன் தயாரித்தாலே பத்து கிலோ அளவில்தான் உமிழ்வு. ஆண்டுச் சராசரியில் பசுமையாகத் தெரிவது, மணிக்கணக்கில் பார்த்தால் நிலக்கரியைவிடக் கரியதாக இருக்கக்கூடும். மணிவாரியாகக் கணக்கிடும் மாதிரியை ஏற்றால், மின்சேமிப்புச் செலவை உற்பத்தியாளரே ஏற்க வேண்டிவரும். ஆண்டுச் சராசரி ஏன் பிடித்தமானதாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மாநிலங்களுக்கிடையிலான மின்பரிமாற்றக் கட்டணமும் இத்தகைய ஆலைகளுக்கு 25 ஆண்டுகள் தள்ளுபடி. மின்பாதையை அமைக்கும் செலவு தள்ளுபடியால் மறைந்துவிடாது. விநியோக நிறுவனங்கள் வழியாக அது மற்ற நுகர்வோரின் கட்டணத்தில் ஏறுகிறது.

ஒதுக்கீடு எங்கே போகிறது என்பதையும் காண வேண்டும். 17,490 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு. ஆராய்ச்சிக்கு 400 கோடி, அதாவது நூற்றுக்கு இரண்டு. மின்னாற்பகுப்புக் கலனின் உயிர்நாடி அதன் மின்முனைகளும் சவ்வும்தான். ஒரு வகைக் கலனுக்கு அரிதான இரிடியமும் பிளாட்டினமும் வேண்டும். அவற்றின் பயன்பாட்டைக் குறைப்பதே உலகெங்கும் ஆய்வுக்கூடங்களின் முயற்சி. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இத்துறையில் நெடுங்கால அனுபவம் உடையவை. நிதியின் முதன்மை ஆராய்ச்சிக்கு அல்ல, கிலோவுக்கு முதலாண்டு 50, பிறகு 40, 30 ரூபாய் வரை வழங்கும் ஊக்கத்தொகைக்கே. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் சுற்றில் பத்து நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 4,12,000 டன் ஒதுக்கப்பட்டது. மூன்று தனியார் நிறுவனங்களுக்குத் தலா 90,000 டன். பொதுத்துறையான பாரத் பெட்ரோலியத்திற்கு 2,000 டன். மொத்தத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

1923இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில், காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமிக்கும் பிரிட்டனைக் கற்பனை செய்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் கம்யூனிஸ்டாகி, 1957இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே விஞ்ஞானிதான். அந்தக் கனவை ஏளனம் செய்ய இடமில்லை. எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் தெளிவு வேண்டும். 50 யூனிட் செலவில் கிடைத்த ஒரு கிலோ ஹைட்ரஜனை எரிபொருள் மின்கலத்தில் மீண்டும் மின்சாரமாக்கினால் 17 யூனிட் அளவே திரும்பும். பேட்டரியில் ஓடக்கூடிய நகரப் பேருந்தை ஹைட்ரஜனில் ஓட்டுவது வீண். வேறு வழி அரிதான இடங்கள் உருக்கு, சுத்திகரிப்பு, உரம். ஏற்கெனவே எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனை லட்சக்கணக்கான டன்களில் பயன்படுத்தும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலைகளிலும் மாற்றம் முதலில் தொடங்குவதே முறை. ஏற்றுமதிக்கான துறைமுக மையங்கள் அதற்குப் பிறகு.

உரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. யூரியா தயாரிக்க அம்மோனியாவுடன் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். இன்று அது அதே எரிவாயுவிலிருந்துதான் கிடைக்கிறது. ஆகவே பசுமை அம்மோனியா முதலில் டிஏபி போன்ற உரங்களுக்கே பொருந்தும். விலை கூடினால் அந்த வேறுபாட்டை உர மானியம் ஏற்குமா, விவசாயி ஏற்பாரா என்பதற்கு அரசிடமிருந்து எழுத்துப்பூர்வமான உறுதி பெறப்பட வேண்டும்.

நிதி ஆயோக்கின் ‘இந்திய எரிசக்திப் பாதுகாப்புக் காட்சிகள் 2047’ என்ற மாதிரி பொதுவெளியில் உள்ளது. அனுமானங்களை மாற்றி விளைவுகளை எவரும் பார்க்கலாம். மின் ஊழியர் சங்கங்களும் விவசாயிகள் சங்கமும் அறிவியல் இயக்கமும் கூடி அமர்ந்து அந்த எண்களைப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு ஹைட்ரஜன் ஆலையின் மணிவாரி மின்நுகர்வும், அதன் மூலமும், தண்ணீர் எடுக்கும் இடமும் வெளியிடப்பட வேண்டும் என்பது அங்கிருந்து எழுப்பப்பட வேண்டிய முதல் கோரிக்கை. ஊக்கத்தொகையில் பொதுத்துறைக்குரிய பங்கு என்பது இரண்டாவது.