ஒரு தடவை வந்து போயிற்று, இனி என்ன?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



பொழுது சாய்ந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். கோவிட்டைப் பற்றி இன்னும் என்ன பேச்சு, அது முடிந்த கதையாயிற்றே என்று சிலர் எண்ணலாம். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2021 பிப்ரவரி 24-ல் நாட்டில் தடுப்பூசி தொடங்கியது. நாமும் வரிசையில் நின்று கையை நீட்டினோம். எல்லாம் சரி. ஆனால் காய்ச்சல் போன பிறகும் சிலரை விட்டுப் போகாத ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் நீடித்த கோவிட் என்று பெயர்.

நோய் கண்டு மூன்று மாதம் ஆன பின்னும் தொல்லை இருக்க வேண்டும். அது இரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேறு வியாதி அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இது உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் சொன்ன இலக்கணம். தீராத களைப்பு, மூச்சு வாங்குதல், நினைவு மங்குதல் ஆகியவை முக்கிய அடையாளங்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவருக்குத்தான் வரும் என்றில்லை. லேசான காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்தவருக்கும் வந்திருக்கிறது. எக்ஸ்ரேயிலும் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாமலே போகலாம். அதுதான் பெரிய சங்கடம். கை ஒடிந்தால் கட்டைப் பார்த்து மண்டோர் நம்புவார். களைப்புக்குக் கட்டு ஏது? "சோம்பேறி" என்ற பட்டம்தான் மிச்சம்.

தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே சரிவில் ஏறி இறங்குவதே பாதி வேலை. எடைக்குக் கூலி என்னும் இடத்தில் மூச்சு குறைந்தால் எடையும் குறையும். எடை குறைந்தால் அடுப்பில் உலை குறையும். பத்திரிகையில் இதைப் படிக்கப் போகும் பால்மரத் தோழர்களுக்கும் அதே கதிதான். பாதி நிரையில் உட்கார்ந்துவிட்டால் மீதி மரத்தை யார் வெட்டுவது? கிராணிமார்களும் தப்பவில்லை. செக்ரோலில் நேற்றுவரை தவறாத கூட்டல் இன்று தவறினால் அது கவனக் குறைவென்றுதான் பேராகும்.

இனி, லயத்துக்கு லயம் கேட்கும் பேச்சுக்கு வருவோம். "எனக்கு ஒரு தடவை வந்து போயிற்று. உடம்பு பழகிவிட்டது. இனி ஊசி எதற்கு?" என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. வைசூரி கண்டு பிழைத்தவருக்கு மறுபடி பெரும்பாலும் வராது என்று நம் பாட்டனார் காலத்தில் அறிந்திருந்தார்கள். ஆனால் மலேரியா? தோட்டத்தில் அது வந்தவருக்கே மறுபடியும் வந்தது. கோவிட் இந்த விஷயத்தில் மலேரியாவின் பக்கம்தான் நிற்கிறது.

பிரிட்டனின் புள்ளிவிவர இலாகா 2023 பிப்ரவரியில் ஒரு கணக்கு வெளியிட்டது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களில், முதல் தடவை கோவிட் கண்ட 1,000 பேரில் 40 பேர் சில மாதம் கழித்தும் நீடித்த தொல்லை இருப்பதாகச் சொன்னார்கள். முதல் தடவை அப்படித் தப்பியவர்களை இரண்டாம் தடவை நோய் கண்டபோது கேட்டால், 1,000-க்கு 24 பேர். ஆபத்து குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. அது மட்டுமல்ல, இந்த 24 பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். பழைய நோயாளிகள் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள்!

தடுப்பூசியின் கணக்கைப் பார்ப்போம். சுவீடனில் ஏறத்தாழ 5 லட்சத்து 90 ஆயிரம் பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. நோய் வருமுன் ஊசி போடாதவர்களில் 1,000-க்கு 14 பேருக்கு டாக்டர்கள் நீடித்த கோவிட் என்று எழுதினார்கள். போட்டவர்களில் 1,000-க்கு 4 பேருக்கு. வயது, பழைய வியாதி எல்லாவற்றையும் சரிக்கட்டிப் பார்த்ததில், ஓர் ஊசிக்கு 21 சதவீதமும், இரண்டுக்கு 59 சதவீதமும், மூன்றுக்கு மேல் 73 சதவீதமும் ஆபத்து குறைந்தது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தாரை ஆராய்ந்தவர்கள் 2022-ல் 15 சதவீதமே குறைந்தது என்றார்கள். 2024-ல் அவர்களே மறுபடி பார்த்தார்கள். ஒமிக்ரான் காலத்தில் ஊசி போடாதவரில் 100-க்கு ஏறத்தாழ 8 பேர், போட்டவரில் 3 அல்லது 4 பேர் என்று கண்டார்கள். நாட்டுக்கு நாடு கணக்கு மாறுவதில் கிராணிமார்களுக்கு ஆச்சரியம் இராது. டாக்டர் எழுதியதை எண்ணுவது ஒரு பேரேடு, நோயாளி சொன்னதை எண்ணுவது வேறொரு பேரேடு. எல்லாப் பேரேட்டிலும் ஊசி போட்டவர் பக்கம்தான் தொகை குறைவு.

ஆகவே இரண்டு வழியிலும் எதிர்ப்புச் சக்தி வருகிறது. விலைதான் வேறு. நோயினால் சம்பாதிப்பவர் அந்த 40 பேரில் ஒருவராகும் அபாயத்தை முன்பணமாகக் கட்டுகிறார். ஊசிக்கு ஓரிரு நாள் கைவலியும் காய்ச்சலும். அரிதாகச் சிலருக்குப் பெரிய பக்க விளைவும் உண்டு, அதை நாம் மறைக்கவில்லை. ஊசியின் பலமும் மாதங்கள் செல்லச் செல்ல இளைக்கும். இப்பொழுது யாருக்கு எந்த ஊசி தேவை என்பதை, சர்க்கரை, இருதயம், ஆஸ்துமா உள்ளவர்கள் முக்கியமாக, கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நீடித்த கோவிட் பிடித்தவருக்கு ஊசி மருந்தாகாது. சிலருக்குச் சற்றுத் தெளிந்தது, பலருக்கு மாற்றமே இல்லை.

அப்படிப்பட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மலையேற வேண்டாம். இன்று மீறி உழைத்தால் நாளையும் மறுநாளும் படுக்கை என்பது இந்த நோயின் சுபாவம். டாக்டரிடம் போய், கோவிட் எப்பொழுது வந்தது, தொல்லை எப்பொழுது தொடங்கியது என்று தேதியோடு சொல்லுங்கள். புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் 22 நாள், சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள்; 2023 ஜனவரி 1 முதல் அது தனிக் கணக்கு. ஆனால் எம்.சி. சீட்டை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டால் போதாது. 48 மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் சொல்லாமல் நின்றதாகவே எழுதிவிடுவார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் களைப்பு தீராதவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், வெட்கப்படாமல் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து பெயரைக் கொடுங்கள். கிளினிக்குக்கு நாமே கூட வருகிறோம்.