பிழைக்க வந்த ஊரில் நமக்கென்ன ஓட்டு?

(வைப்பின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பிழைக்க வந்த ஊரில் நமக்கென்ன ஓட்டு?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

இலங்கை மலைகளில் தேயிலை வளர்த்த நம் உறவுகளை நினைத்துப் பாருங்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. "உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு" என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது சான்று? சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். காகிதம் ஒரு சாக்கு. அவர்களுடைய ஓட்டின் பலத்தைக் கண்ட அச்சமே காரணம்.

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மக்களை யார் கேட்டார்கள்? கப்பலில் வந்து இராமேசுவரத்தில் இரயிலேறியவர்களின் கதையை எங்கள் இரயில்வே மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலரை இதே கேரளத்தில், புனலூர் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள்.

தோழர்களே! நாம் கடல் கடக்கவில்லை, வாளையாறுதான் கடந்தோம். இந்தியாவில் எங்கும் சென்று குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. 18 வயது நிரம்பி இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகன் இங்கேயே வாக்காளராகலாம். தாய்மொழி எது என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்று இருக்கக்கூடாது. உரிமையோடு வரும் கடமை அது.

குழந்தை பிறந்தால், பிறந்த இடத்திலேயே 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரவும், நாளை ஓட்டர் பட்டியலில் சேரவும் அந்தச் சான்றுதான் ஆதாரம்.

காகிதம் மட்டும் போதுமா? போதாது. வைப்பின் மக்கள் குடிநீருக்காகப் பல ஆண்டுகள் போராடியவர்கள். அந்தத் தண்ணீரை நாமும் குடிக்கிறோம். அடுத்த போராட்டத்தில் மலையாளித் தோழர்களின் பக்கத்தில் நாமும் நிற்க வேண்டும். பெயரும் பதியாமல், போராடவும் வராமல் ஒதுங்கி இருந்தால் நம் குடம் கடைசியில்தான் நிறையும்.

பிழைக்க வந்த ஊரல்ல இது. நாம் உழைத்து வாழும் ஊர். இங்கே நமக்கு ஓட்டு உண்டு. பெயரைப் பதிவோம், ஒன்றுபடுவோம்.